கவுண்ட்டருக்கு வராத சிப்

2014 மார்ச் 11 – 40 பங்குகள் – 3,120
2014 ஜூலை 8 – 60 பங்குகள் – 5,040
2015 ஜனவரி 20 – 100 பங்குகள் – 9,300
2015 செப்டம்பர் 15 – 150 பங்குகள் – 16,950
2016 மே 3 – 200 பங்குகள் – 27,400

ஆக மொத்தம் 550 பங்குகள். போட்ட பணம் எங்கள் நாட்டுக் காசில் 61,810. ஐந்து தேதிகளும் செவ்வாய்க்கிழமை. என் தங்கைக்கு வார விடுமுறை அன்றுதான். விடுமுறை நாளில் மற்றவர்கள் தூங்குவார்கள், துணி துவைப்பார்கள். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு பங்கு அலுவலகத்துக்குப் போவாள்.

வீட்டில் அவள் பாப்பா. ஐம்பத்தாறு வயதிலும் பாப்பாதான். வேலை பார்த்த கடையில் அவளுக்கு மோப்பம் அக்கா என்று பெயர். அது நான்கு மாடி மின்பொருள் கடை. மேல் மாடிகளில் விற்பனை. அடித்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால், குழல்விளக்கு ஒன்று எரியும் ஆறடி மேசைதான் ரிட்டர்ன் கவுண்ட்டர். பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் அங்கேதான் வரவேண்டும். 1993 முதல் அந்த மேசைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

சேர்ந்த இரண்டாவது மாதம் கோட்டுப் போட்ட ஒருவர், முத்திரை பிரிக்காத ரேடியோ பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, வாங்கிய ரேடியோ பிடிக்கவில்லை என்றார். நல்ல மனிதர் என்று நம்பிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மாலையில் பெட்டியைத் திறந்தால் உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஓட்டுத் துண்டுகள். மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்குப் பிறகு கோட்டையும் நம்புவதில்லை, முத்திரையையும் நம்புவதில்லை. எதைக் கொண்டுவந்தாலும் முதலில் மூக்கருகே வைத்துப் பார்ப்பாள். தண்ணீரில் விழுந்த கருவிக்கு ஒரு வாசம், வியர்வை ஊறியதற்கு ஒரு வாசம், சமையலறையில் கிடந்ததற்கு ஒரு வாசம்.

"தண்ணி படவே இல்லைங்க" என்பார் வந்தவர்.

"அப்ப சோப்பு மட்டும் தனியா வந்து பட்டுச்சா?" என்பாள் இவள்.

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வாய் சும்மா இருக்காது. "கண்ணால் காண்பது பொய், காதால் கேட்பது பொய், எங்க வீட்டு அம்மா மோந்து பாத்ததே மெய்" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். "மச்சான், கல்யாணத்தன்னிக்கே என்னையும் மோந்து பாத்துட்டுத்தான் கழுத்தை நீட்டினா. கிரீஸ் வாடை அடிச்சுது, உழைக்கிற ஆளுதான்னு நம்பிட்டா."

"இன்னும் முழுசா நம்பலை" என்பாள் அவள்.

அவர்கள் இருந்தது இரண்டு அறை வீடு. இரண்டாவது மாடி. பத்தொன்பது ஆண்டு வாடகை. சமையலறைக் குழாயை மூன்று முறை அவர்களே மாற்றியிருக்கிறார்கள்; கூடத்தின் மேற்குச் சுவரில் ஈரம் ஏறும் இடம் எது, எந்த மாதத்தில் ஏறும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வீட்டு உரிமையாளர் வேறு ஊரில் இருந்தார். 2013 டிசம்பரில் வாடகைக் கணக்குப் பார்க்க வந்தவர் தேநீர் குடித்துவிட்டு, "என்னைக்காவது வித்தா உங்களுக்குத்தாம்மா முதல்ல" என்று சொல்லிப் போனார். அன்றைக்கு அவர் வாய்விட்ட விலை எழுபதாயிரம். இவர்களிடம் இருந்தது முப்பத்தெட்டாயிரம். அதுவும் வங்கியில், ஆமை வட்டியில்.

"அவர் சொன்னதை எழுதி வாங்கினியா?" என்று கேட்டேன்.

"எழுதிக் குடுத்தா மட்டும்? ஓட்டுத் துண்டுக்கும் பில் இருந்துச்சு அண்ணே. அவர் விக்கிற அன்னிக்கு நம்ம கையில பணம் இருக்கணும். அதுதான் எழுத்து."

அந்தப் பணத்தை எங்கே வளர்ப்பது என்ற கேள்விக்கு அவள் மேசையே பதில் சொன்னது என்று நாங்கள் நினைத்தோம்.

அந்த ஆண்டுகளில் அவள் மேசைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் கம்பியில்லாத கருவிகள்தான். காதில் மாட்டுவது, மேசையில் வைத்துப் பாட்டுக் கேட்பது. கைபேசியிலிருந்து பத்தடி இருபதடிக்குள் ஒலியைக் காற்றில் வாங்கிக்கொள்ளும் ப்ளூடூத் சிப் ஒன்று அதனுள் இருக்கும். அரிசி மணியைத் தட்டையாக்கி நான்கு பக்கமும் சீவியது போல இருக்கும். கருவிக்கு மேலே எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் உள்ளே சிப் செய்கிறவர்கள் சிலர்தான். தண்ணீர் பட்டதா என்று பார்க்க அவள் ஒவ்வொன்றையும் நெம்பித் திறந்தாக வேண்டும். திறந்தால் பூதக்கண்ணாடியில் சிப்பின் முத்திரை தெரியும். ஒரு நிறுவனத்துக்கு இலை போன்ற குறி. இன்னொன்றுக்கு மூன்று கோடுகள். பெயர்கள் எனக்குத் தெரியும், எழுத விரும்பவில்லை.

கடையில் எதையும் எழுதி வெளியே கொண்டுவரக் கூடாது. அதனால் அன்றன்றைய எண்ணிக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். என் வீடு அவள் பேருந்து நிறுத்தத்துக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "இலை ரெண்டு, மத்தது ஒண்ணு, மூணுகோடு இல்லை" என்பாள். நான் எழுதிக்கொள்வேன்; வீட்டு விலைப் பேச்சுக்கு முன்பே இருந்த பழக்கம். 2013ஆம் ஆண்டு அவள் திறந்தவை 412. அதில் இலை 297, மற்றவை 109, மூன்று கோடு 6.

ஆறு என்ற எண்ணை அவள் முதலில் நம்பவில்லை. "மூணுகோடு விக்கவே இல்லையோ என்னமோ. வித்தாதானே திரும்பி வரும்?" என்றாள். நல்ல சந்தேகம். மேல்மாடி விற்பனையாளர்களைக் கேட்கலாமே என்றேன்.

"விக்கறவன் வாயில வர்றதைக் கேக்கக் கூடாது அண்ணே. அவன் பாட்டரி இல்லாத டார்ச்சையே வெளிச்சம்னு விப்பான்."

வாயைக் கேட்கவில்லை, காகிதத்தைக் கேட்டாள். மாடல் வாரியாக விற்பனைப் பட்டியலைக் கணக்குப் பிரிவிலிருந்து பார்த்துவிட்டு வந்தாள். இலைச் சிப் உள்ள மாடல்கள் 2,600 விற்றிருந்தன. மூன்று கோட்டு மாடல்கள் 1,450. அங்கே நூற்றுக்குப் பதினொன்று திரும்பி வருகிறது. இங்கே ஆயிரத்துக்கு நான்கு. இதை நானும் இரண்டு முறை வகுத்துப் பார்த்தேன்.

மூன்று கோட்டு நிறுவனத்தின் பங்கு சந்தையில் கிடைக்கிறது என்று விசாரித்துச் சொன்னது நான்தான். 2014 மார்ச் 11 அன்று பங்கு அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருந்த பெண்ணிடம் தங்கை கேட்ட முதல் கேள்வி இது:

"இதை யாரு விக்கறாங்க?"

"யாருன்னு எங்களுக்குத் தெரியாதும்மா. சந்தையில யாரோ ஒருத்தர்."

"நல்லதா இருந்தா அவர் ஏன் விக்கறார்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மேசையிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். "ஒருத்தர் விக்கலைன்னா நீங்க எப்படிம்மா வாங்குவீங்க?" என்றாள் அவள் கடைசியில்.

தங்கை அதை யோசித்தாள். "சரி, நாப்பது மட்டும் குடு. சோத்துக்கு உப்பு பாக்கற மாதிரி" என்றாள்.

விலை ஏறியது. 78க்கு வாங்கியது 84 ஆயிற்று, 93 ஆயிற்று. ஒவ்வொரு முறையும் அவள் மேசை எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே அடுத்த தவணை. மூன்று கோடு 2014இல் ஐந்து, 2015இல் ஏழு, அவ்வளவே. நிறுவனம் அனுப்பும் ஆண்டறிக்கையை அவள் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாள். "பளபளன்னு இருக்கற தாள்ல எழுதினா பொய்க்கு வலிக்காது" என்று என்னிடம் தள்ளிவிடுவாள். நான் படித்தேன். அதில் 'வாடிக்கையாளர் நலச் செலவு' என்று ஒரு வரி இருந்தது. முதல் ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு இரண்டு. அடுத்த ஆண்டு ஐந்து. அதற்கடுத்த ஆண்டு ஒன்பது. அவளிடம் சொன்னேன்.

"விருந்து வெச்சுத் தின்னுருப்பானுங்க. இல்லேன்னா மாமியார் வீட்டுக்குக் கார் வாங்கியிருப்பானுங்க" என்றாள். அவர்கள் திருடர்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சிப் நல்லது என்பதிலும் இல்லை. "முதலாளி திருடன், சரக்கு சுத்தம். அப்படியும் இருக்கும்ல?"

நானும் தலையாட்டினேன். நான் ஆட்டியதற்குக் காரணம் உண்டு. முப்பத்தாறு ஆண்டு பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்தவன் நான். எங்கள் கிடங்கில் பழைய பல்பைக் கொடுத்தால்தான் புதிய பல்பு. எரிந்துபோனது எதுவும் என் ஜன்னலைத் தாண்டாமல் போனதில்லை. கெட்டுப்போன பொருள் எல்லாம் ஒரு ஜன்னலுக்கு வந்தே தீரும் என்று அண்ணன் தங்கை இரண்டு பேரும் ஆயுள் முழுக்க நம்பியிருந்தோம்.

2017 பிப்ரவரி 14 அன்று வீட்டு உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டை விற்கப் போகிறார். விலை 86,000. ஜூன் 30க்குள் முழுத்தொகை தந்தால் அவர்களுக்கு. இல்லாவிட்டால் கட்டடத்தை இடித்துக் கட்ட விரும்பும் ஒருவர் தயாராக இருக்கிறார். அன்றைக்குப் பங்கின் விலை 163. பெருக்கினால் 89,650. கணவர் கூடத்தின் நடுவில் நின்று, "இனி இந்தச் சுவத்துல நான் ஆணி அடிப்பேன். யாரு என்னைக் கேக்கறது?" என்றார்.

"நான் கேப்பேன்" என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள். இப்போதே விற்று வங்கியில் போட்டால் வங்கிக்காரன் கண் பட்டுவிடும், இன்னும் கொஞ்சம் ஏறட்டும், மே மாதம் விற்கலாம் என்று முடிவாயிற்று.

மே 11, வியாழக்கிழமை, காலை பத்தேகால். என் எதிர்வீட்டு டீச்சர் வாசலில் ஒரு சிறிய வேன் நின்றது. பக்கவாட்டில் மூன்று கோடுகள். வேன்காரர் இறங்கி டீச்சரிடம் ஒரு புதிய காதொலிக் கருவியைக் கொடுத்துவிட்டு, பழையதை வாங்கிக் கோணிப்பையில் போட்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

நான் தெருவைக் கடந்து போய் என்ன வேலை என்று கேட்டேன்.

"மாத்திக் குடுக்கற வேலைங்க ஐயா. கெட்டுப் போனா கடைக்கு அலைய வேணாம், போன் பண்ணா வீட்டுக்கே வருவோம். பெட்டிக்குள்ள சீட்டு இருக்குமே, பாக்கலையா?"

"கருவி செஞ்ச கம்பெனியா உங்களுக்குச் சம்பளம் குடுக்குது?"

"இல்லைங்க, சிப் கம்பெனி. எங்க சிப்பு போட்டா ரிட்டர்ன் தலைவலி உங்களுக்கு இல்லேன்னு சொல்லித்தானே ஆர்டர் புடிக்கறாங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"எனக்கு அறுபது, அறுபத்தஞ்சு. நம்ம ஊருக்கு மட்டும் எட்டு வண்டி ஓடுது. போன வருஷம் மூணு வண்டிதான்." பெருமையாகத்தான் சொன்னார். தொழில் வளர்கிறதல்லவா. ஆண்டறிக்கையில் வளர்ந்த நலச் செலவும் இதுதான்.

டீச்சரிடம் அந்தப் பெட்டியை வாங்கிப் பார்த்தேன். அடியில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சீட்டு. தங்கை அதைப் பார்த்திருக்க வழியில்லை. கெட்டுப்போன காதொலிக் கருவியைப் பெட்டியோடு யாரும் அவள் மேசைக்குக் கொண்டுவருவதில்லை. சீட்டைப் பார்த்தவர்கள் அவள் மேசைக்கே வருவதில்லை. மேல்மாடி விற்பனையாளர்கள் விற்கும்போதெல்லாம் வாயால் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மாலையில் சொன்னேன். அவள் தேநீரைக் கீழே வைத்தாள்.

"வேன்காரன் எந்தப் பக்கத்து ஆளு?"

"பக்கம் என்ன பக்கம், பாப்பா?"

"இலைக் கம்பெனிக்காரன் விட்ட ஆளா இருக்கும். இல்லேன்னா வீட்டை இடிக்கக் காத்திருக்கானே, அவன் வேலை. நான் பயந்து வித்துட்டு ஓடணும்னு."

"எதிர்வீட்டு டீச்சரையும் அவங்கதான் விட்டாங்களா?"

அடுத்த செவ்வாய், மே 16, வேன்காரரை என் தெரு முனையில் பிடித்தோம். அவர் நல்ல மனிதர். "குப்பைதானேக்கா, பாருங்க" என்று கோணியை அவிழ்த்தார். தங்கை கைப்பையிலிருந்து கருவி திறக்கும் நெம்பியை எடுத்தாள். முதலாவதை முகர்ந்தாள். திறந்தாள். பூதக்கண்ணாடியை வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. ஒன்பது திறந்தாள். ஒன்றிலும் தண்ணீர் வாசம் இல்லை, வியர்வை வாசம் இல்லை. ஒன்பதிலும் மூன்று கோடுகள்.

"புது வாசனைதான் அடிக்குது அண்ணே" என்றாள். "யாரும் ஒண்ணும் பண்ணலை. தானாவே செத்திருக்கு." வேனின் பின்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு விலை 171. ஐந்நூற்று ஐம்பது பங்குக்கு 94,050. இதைச் சொல்லி, இப்போதே பங்கு அலுவலகத்துக்கு நடக்கலாம் என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. தன் வீட்டுக்கு வந்த பிறகுதான் காரணத்தைச் சொன்னாள்.

அவள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வந்த பொருளைக் கடை பாதி விலைக்கு மறுபடி விற்கும். அதற்கு முன் அவள் ஒரு மஞ்சள் சீட்டில் குறையை எழுதி ஒட்டுவாள். 'இடது காது கேட்காது.' 'ஒரு மணி நேரத்தில் அணையும்.' மேலாளர் ஒட்ட வேண்டாம் என்று இரண்டு முறை சண்டை போட்டார். அவள் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"பங்குல எங்க ஒட்டறது?" என்றாள்.

கணவருக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ கடவுளே. ஏம்மா, வாங்கப் போறவன் யாருன்னே தெரியாது. அவன் உன்னை மாதிரி ஆயிரம் பேரை முழுங்கினவனா இருப்பான்."

"முழுங்காதவனாவும் இருக்கலாம். என்னை மாதிரி ஒருத்தி, வீட்டுக்காகச் சேத்து வெச்சவளா இருக்கலாம்."

"அப்ப வீடு?"

"வீடும் வேணும்."

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. உனக்கு மீசை வேற இல்லை."

அவள் சிரிக்கவில்லை. "தெரிஞ்சே தள்ளிவிட வந்தவங்களைத்தானே இருபத்துநாலு வருஷமா புடிச்சு உக்கார வெச்சேன். நாளைக்கு நானே போய் வரிசையில நிக்கணுமா?"

மே 25 அன்று நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பு வந்தது. ஜூன் 20, ஒரு ஹோட்டலின் முதல் மாடி அரங்கம். பங்கு வைத்திருக்கும் யாரும் கேள்வி கேட்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. எல்லோர் முன்னாலும் குறையைச் சொல்லிவிட்டால் சீட்டு ஒட்டியது போலத்தானே? பிறகு விற்றால் தெரியாமல் தள்ளிவிட்டது ஆகாது. மே 23 தொடங்கிக் கூட்டத்துக்கு முன் வந்த நான்கு செவ்வாய்க்கிழமையும் வேன்காரரின் கோணியைப் பிரித்து எண்ணினோம். மொத்தம் 251. தண்ணீர் பட்டவை 19.

ஜூன் 20 அன்று அரங்கத்தில் நூற்றிருபது நாற்காலி. வந்தவர்கள் எழுபத்து நான்கு பேர், பெரும்பாலும் என் வயது. நுழைவாயிலில் ஒரு துணிப்பையும் பேனாவும் கொடுத்தார்கள். தங்கை பேனாவை எழுதிப் பார்த்தாள். எழுதவில்லை. மேடையில் தலைவர், நிதி அதிகாரி, இன்னும் மூன்று பேர். அரை மணி நேரம் படம் காட்டினார்கள். பிறகு கேள்வி நேரம். முதல் கேள்வி, சென்ற ஆண்டு கொடுத்த பை இதைவிடப் பெரியதாக இருந்ததே என்பது. இரண்டாவது தங்கையுடையது. எழுந்து நின்றாள்.

"போன வருஷம் வீடு வீடா வேன்ல போய் எத்தனை கருவி மாத்திக் குடுத்தீங்க? எண்ணிக்கை வேணும். நான் 251 திறந்து பாத்தேன். 232 தண்ணி படாமலே செத்திருக்கு."

தலைவர் புன்னகை செய்தார். "ரொம்ப நல்ல கேள்விம்மா."

"நல்ல கேள்விதான். நல்ல பதிலா சொல்லுங்க."

அரங்கம் சிரித்தது. தலைவர் நிதி அதிகாரி பக்கம் குனிந்தார். நிதி அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். இப்போது கைவசம் இல்லை, ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் பதில் வரும் என்று தலைவர் சொன்னார். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் திரும்பி, "என்னம்மா திறந்து பாத்தீங்க?" என்று கேட்டார். தங்கை விளக்க வாயைத் திறந்தாள். அதற்குள் சிற்றுண்டி வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, பெரியவர் எழுந்து போய்விட்டார்.

"சொல்லியாச்சுல்ல? நாளைக்கு விக்கலாம்" என்றேன் படியிறங்கும்போது.

"யார் காதுல விழுந்துச்சு அண்ணே? எழுதித் தரேன்னிருக்கான். எழுத்து வரட்டும். அது எல்லாருக்கும் போகும். அப்பறம் விக்கறேன்."

இதுவரை எவன் எழுத்தையும் நம்பாதவள், அந்த ஓர் எழுத்துக்காகக் காத்திருந்தாள். நான் ஒரு கணக்கைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். விலை 158 ஆக இருந்தால் 86,900, தரகு 434.50 போக 86,465.50. வீடு கிடைக்கும். 157 ஆனால் தரகு போக 85,918.25. எண்பத்தொன்று முக்கால் குறையும். கையில் இருந்த சில்லறையெல்லாம் பத்திரச் செலவுக்கு எடுத்து வைத்தாயிற்று. 158க்குக் கீழே போகக் கூடாது.

ஜூன் 21 – 170. ஜூன் 22 – 167. ஜூன் 23 – 167. சனி, ஞாயிறு சந்தை இல்லை. ஜூன் 26 – 164. ஜூன் 27 – 161. ஜூன் 28 – 160.

எந்தச் செய்தியும் இல்லாமல் இறங்கியது. நாளிதழில் விலைக்குப் பக்கத்தில் அன்று எத்தனை பங்கு கைமாறியது என்றும் போடுவார்கள். வழக்கமாக அந்தப் பங்கு நாளொன்றுக்கு நாற்பதாயிரம் கைமாறும். 23ஆம் தேதி மூன்று லட்சத்துப் பத்தாயிரம். 26ஆம் தேதி இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். விற்றவர்கள் யார் என்று அந்தப் பத்தியில் போடுவதில்லை.

தபால்காரர் தினமும் பதினொன்றரைக்கு வருவார். தங்கை விடுப்பு எடுத்துக்கொண்டு படிக்கட்டிலேயே நின்றாள். "அம்மா, உங்களைப் பாத்தா எனக்கே குத்த உணர்ச்சியா இருக்கு" என்றார் அவர் 28ஆம் தேதி. கணவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். கேலி பேசும் மனிதர் பேசாமல் சாப்பிட்டால் அந்த வீட்டில் உட்கார முடியாது.

29, வியாழன். காலை பதினொன்றரை. மின்கட்டண ரசீது மட்டும் வந்தது. பங்கு அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். 158 என்றார்கள். தங்கை செருப்பை மாட்டினாள். கணினிக்கு முன்னால் அதே பெண்.

"ஐந்நூத்தம்பதும் குடுத்துடு" என்றாள். பிறகு, "யாரு வாங்கறாங்க?"

"தெரியாதும்மா."

"சின்ன ஆளா, பெரிய ஆளா, அதாவது தெரியுமா?"

"திரையில எண்ணிக்கைதாம்மா வரும். இதோ, முந்நூறு ஒருத்தர். இருநூத்தி முப்பத்தஞ்சு ஒருத்தர்." திரையில் இன்னொரு வரி வந்ததும், "பதினஞ்சு ஒருத்தர்" என்றாள்.

"பதினஞ்சா?"

"ஆமாம்மா."

"பதினஞ்சு வாங்கறவன் பெரிய ஆளா இருக்க மாட்டான்" என்றாள் தங்கை, என்னிடம் அல்ல, மேசையிடம்.

ஜூன் 30 மாலை நான்கு மணிக்கு வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்தாயிற்று. சாட்சி நான். உரிமையாளர், "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் பாத்தீங்களா?" என்றார். தங்கை பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தாள். கணவர் அன்றைக்கே மேற்குச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். எதை மாட்டுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஜூலை 10, திங்கள், சந்தை முடிந்த பிறகு நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மறுநாள் காலை 149இல் இருந்த பங்கு 96இல் திறந்தது. அன்று செவ்வாய், தங்கை வீட்டில்தான் இருந்தாள். நான் நாளிதழைக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தபோது தபால்காரர் மேலேறி வந்தார். கையில் மூன்று கோடு போட்ட நீள உறை.

கடிதம் ஒரே பக்கம். மரியாதையாக எழுதியிருந்தார்கள். சென்ற ஆண்டு வீடுகளில் மாற்றிக் கொடுத்தவை 2,14,600. விற்ற சிப்பில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். அப்படியானால் இலைச் சிப்புக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை; இது கடிதத்தில் இல்லை, என் கணக்கு. கடிதம், இந்தத் தகவல் இன்றே எல்லாப் பங்குதாரர்களுக்கும் பங்குச் சந்தைக்கும் தெரிவிக்கப்படுகிறது என்று முடிந்திருந்தது.

"பாத்தியா, ஒழுங்காத்தான் பதில் சொல்லியிருக்கான்" என்றார் கணவர். "நல்லவேளை, ரெண்டு வாரம் லேட்டா வந்துச்சு. நேரத்துக்கு வந்திருந்தா நாம தெருவுல நின்னிருப்போம். தபால்காரருக்கு ஒரு காப்பி குடும்மா."

தங்கை கடிதத்தையும் உறையையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். உறையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரலை வைத்துக் காட்டினாள்.

"அண்ணே, கடிதத்து மேல என்ன தேதி?"

"ஜூன் 23."

"உறையில தபால் முத்திரை?"

"ஜூலை 10."

"இன்றேன்னு எழுதியிருக்கானே, எந்த இன்று? பதினேழு நாள் இது யாரு மேசையில இருந்துச்சு?"

நான் என் குறிப்பை எடுத்து 23ஆம் தேதி மூன்று லட்சத்துப் பத்தாயிரம் என்ற வரியைக் காட்டினேன். அவர்கள்தான் விற்றார்கள் என்று என்னால் எழுத முடியாது. எனக்குத் தெரிந்தது தேதிகளும் எண்ணிக்கையும் மட்டுமே.

"தெரிஞ்சவனெல்லாம் வரிசையா வித்திருக்கான்" என்றாள் தங்கை. "நடுவுல நானும் நின்னு வித்துட்டு வந்திருக்கேன். அவனுங்களுக்கு வீடு இருந்துச்சு. எனக்கு இல்லை. அந்தப் பதினஞ்சுக்கு அது தெரியுமா?"

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தபால்காரருக்குச் சொன்ன காப்பியைப் போட்டு, அவர் இறங்கிப் போய்விட்டதைப் பார்த்து, என் முன்னால் வைத்தாள்.

இதற்குப் பிறகு அவள் நிறுவனத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள், தேதி வித்தியாசத்தைக் கேட்டு. இரண்டையும் பதிவுத் தபாலில் நான்தான் அனுப்பினேன். பதில் இல்லை. அந்த நிறுவனத்திலிருந்து கடைசிக் கடிதம் எங்கள் கைக்கு வந்தது 2017 ஜூலை 11.